பர்மாவுக்கு மாற்றப்பட்ட வில்லன்

1915ஆம் ஆண்டு சிசில் பி. டெமில் இயக்கிய 'தி சீட்' என்னும் மௌனப்படத்தில், செல்வந்தர் வீட்டுப் பெண் ஒருத்தி, செஞ்சிலுவைச் சங்கத்துக்காகத் திரட்டப்பட்ட 10,000 டாலரை யாரோ சொன்ன முதலீட்டில் போட்டுத் தொலைத்துவிட்டு, அதை ஈடுகட்டப் பெரும் பணக்காரரான ஒரு ஜப்பானியரிடம் கடன் வாங்குகிறாள். கடனுக்கு ஈடாக அவர் கேட்பது அவளையே. அவள் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வரும்போது, தன் உடைமைகளில் எல்லாம் முத்திரை பொறிக்கும் வழக்கமுள்ள அந்த மனிதர், பழுக்கக் காய்ச்சிய இரும்பை அவள் தோளில் பதிக்கிறார். அந்த வேடத்தில் நடித்தவர் ஜப்பானில் பிறந்த செசுவே ஹயகாவா. படம் பெருவெற்றி பெற்றது. அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். 1918இல் மறுவெளியீடு செய்தபோது அந்தக் கண்டனத்துக்கு ஸ்டூடியோ ஒரு வழி கண்டது. பேசாத படம் என்பதால் எதையும் மீண்டும் படம்பிடிக்க வேண்டியிருக்கவில்லை. இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை மட்டும் மாற்றி, ஹிஷுரு தோரி என்ற ஜப்பானியரை, ஹாகா அராகாவ் என்ற பர்மியத் தந்த வணிகர் ஆக்கிவிட்டார்கள். முகம் அதுவே, வீடு அதுவே, சூட்டுக்கோலும் அதுவே.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜப்பான் அமெரிக்காவின் அணியில் இருந்தது. பர்மாவோ பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். வாஷிங்டனில் அதற்கென்று தூதர் கிடையாது. கண்டித்துக் கடிதம் எழுதும் அளவுக்குத் திரண்ட பர்மியச் சமூகமும் அமெரிக்காவில் கிடையாது. கொடுமைக்காரன் கொடுமைக்காரனாகவே இருக்கலாம், அவனுடைய ஊர் மட்டும் கேட்க நாதியற்ற ஊராக இருக்க வேண்டும் என்பதே அந்தத் திருத்தத்தின் பொருள்.

மேற்கத்தியத் திரைப்படங்களில் ஆசியர்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று பேச வரும்போது நாம் வழக்கமாக அதை மனப்பான்மை பற்றிய பேச்சாக்கிவிடுகிறோம்: அந்தக் காலத்தில் அறியாமை இருந்தது, முன்முடிவு இருந்தது, மெல்ல மெல்லக் கண் திறக்கிறது, இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும் என்று. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. இந்த நூற்றுச் சொச்சம் ஆண்டு வரலாற்றில் எங்கெல்லாம் சித்திரம் மாறியிருக்கிறதோ, அங்கெல்லாம் சித்திரிக்கப்பட்டவர்களின் கையில், கொடுக்காமல் நிறுத்திவைக்கக்கூடிய ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அது சந்தையாக இருக்கலாம், படப்பிடிப்பு அனுமதியாக இருக்கலாம், போர்க்கால நட்பாக இருக்கலாம். அப்படி எதுவும் கையில் இல்லாதவர்களின் சித்திரம் பெரும்பாலும் மாறவில்லை. சில வேளைகளில், சித்திரம் மாற்றப்பட்டவர்களின் பாரமும் அவர்கள் தலையில் வந்து இறங்கியிருக்கிறது.

1918இன் எழுத்து அட்டைகளுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அதே வேலை நடந்தது. 1984இல் வெளிவந்த 'ரெட் டான்' படத்தில் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் மீது படையெடுத்து வருபவர்கள் சோவியத் தரப்பினர். அதை மறு உருவாக்கம் செய்தபோது படையெடுப்பாளர்களைச் சீனர்கள் ஆக்கினார்கள். அப்படியே படப்பிடிப்பும் முடிந்தது. சீனாவில் எதிர்ப்புக் கிளம்பியது. உலகின் மிகப் பெரிய திரைப்படச் சந்தைகளுள் ஒன்றை இழக்க எந்த ஸ்டூடியோ துணியும்? எடுத்து முடித்த காட்சிகளில் இருந்த சீனக் கொடிகளையும் சின்னங்களையும் கணினி வழியாக அழித்து, வட கொரியாவின் கொடிகளையும் சின்னங்களையும் பதித்து, 2012இல் படத்தை வெளியிட்டார்கள். சுமார் இரண்டரைக் கோடி மக்கள்தொகை கொண்ட நாடு பசிபிக் கடலைத் தாண்டிவந்து அமெரிக்காவைப் பிடிக்கிறது என்பதை நம்பச் சொல்லும் அளவுக்குக் கதை கந்தலானது. ஆனால் வட கொரியாவில் விற்பதற்கு டிக்கெட் எதுவும் இல்லை, ஆகவே இழப்பதற்கும் எதுவும் இல்லை. 2016இன் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' படத்திலும் இதன் சாயல் உண்டு. காமிக்ஸில் திபெத்தியராக இருந்த குரு, படத்தில் கெல்டிக் இனத்தவராகி, டில்டா ஸ்விண்டனின் வெள்ளை முகத்தைப் பெற்றார். திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் சீனச் சந்தையின் மனத்தாங்கல் குறித்து வெளிப்படையாகவே பேசினார்; ஸ்டூடியோ வேறு விளக்கம் சொன்னது.

சீனா இந்தப் பேரத்தை அண்மையில்தான் கற்றது என்று நினைத்துவிடக் கூடாது. 1930இல் ஷாங்காய் நகரத் திரையரங்கு ஒன்றில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஹரால்டு லாயிட் நடித்த 'வெல்கம் டேஞ்சர்' ஓடிக்கொண்டிருந்தபோது, சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பைக் கஞ்சா அபினிக் கூட்டமாகக் காட்டியதைப் பொறுக்காத நாடகாசிரியர் ஹோங் ஷென் எழுந்து நின்று கண்டித்துப் பேசினார். விவகாரம் பெரிதாகி, படம் தடை செய்யப்பட்டு, லாயிட் மன்னிப்புக் கேட்கும் வரை போனது. அதன் பிறகு நான்கிங்கைத் தலைநகராகக் கொண்ட அன்றைய சீன அரசு ஹாலிவுட் படங்களைத் தணிக்கைக் கண்ணோடு கவனிக்கத் தொடங்கியது. சீன விவசாயக் குடும்பம் ஒன்றின் கதையான 'தி குட் எர்த்' நாவலைப் படமாக்க ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டூடியோ முன்வந்தபோது, அரசு நிபந்தனைகள் விதித்ததோடு தன் பிரதிநிதியையும் அனுப்பியது. நாட்டின் தோற்றம் எப்படி இருக்க வேண்டும், கிராமம் எவ்வளவு துப்புரவாகத் தெரிய வேண்டும் என்றெல்லாம் பேசப்பட்டது.

ஆனால் அந்தப் படத்தில் யார் நடித்தார்கள் என்று பார்த்தால் அரசுகளின் பேரம் எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை என்பது விளங்கும். 1937இல் வெளிவந்த படத்தில் கணவர் வாங் லுங் வேடம் பால் மூனிக்குப் போனது. அன்றைய தணிக்கை விதிகள், எழுத்தில் வெள்ளையர்–கறுப்பர் உறவை மட்டுமே தடுத்தன என்றாலும், நடைமுறையில் வெள்ளையரும் ஆசியரும் காதலிப்பதையும் திரையில் அனுமதிக்கத் தயங்கின. கணவராக நடிப்பவர் மெய்யாகவே வெள்ளையர் என்றால், அவருக்கு மனைவியாகச் சீன நடிகையைப் போடுவது சிக்கல். எனவே மனைவி வேடம் லூயிசே ரெய்னருக்கு. அந்த வேடத்துக்காக அவர் ஆஸ்கர் விருதும் பெற்றார். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து, 1922 முதலே கதாநாயகி வேடத்தில் அறியப்பட்டு, அமெரிக்காவின் முதல் சீன வம்சாவளி நட்சத்திரமாக விளங்கிய அன்னா மே வோங், அந்த மனைவி வேடத்தை மிகவும் விரும்பினார். அவருக்குக் காட்டப்பட்டதோ குடும்பத்தைக் குலைக்கவரும் இரண்டாம் மனைவியின் வேடம். படத்தின் முதன்மை நடிகர்களில் சீன ரத்தம் ஓடும் ஒரே ஆளாகத் தான் இருந்து, கதையின் ஒரே கெட்ட பெண்ணாகவும் தானே நடிப்பதா என்று அவர் மறுத்தார். அந்த வேடத்தை ஆஸ்திரிய நடனக் கலைஞர் டில்லி லாஷ் ஏற்றார். இப்படியாக, சீன அரசின் மேற்பார்வையில் தயாரான சீனக் குடும்பக் கதையில் கணவர், மனைவி, இரண்டாம் மனைவி மூவருமே மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். சீன நடிகர் கீ லூக்குக்கு மூத்த மகன் வேடம் கிடைத்தது.

நான்கிங் அரசுக்கு அன்னா மே வோங்கின் பிழைப்பு ஒரு பொருட்டாக இருந்ததாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' போன்ற படங்களில் அவர் ஏற்ற வேடங்களுக்காகச் சீனப் பத்திரிகைகள் அவரையே கடிந்துகொண்டன. இங்கே கிடைத்ததை நடித்தால் அங்கே வசை. நடிக்காவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. நாடு தன் மானத்தைக் காத்துக்கொள்ளும். கடல் கடந்து போன குடிமக்களின் பேரப்பிள்ளைகளுடைய வாய்ப்புகளை அது காக்காது. ஆசியச் சித்திரிப்பு பற்றிய விவாதங்களில் இந்த வேறுபாடு அடிக்கடி குழம்பிப்போகிறது.

ஒப்பனையால் இனம் மாறும் கலையில் ஹாலிவுட் அன்று உச்சத்தில் இருந்தது. ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட், உலகை அழிக்கத் துடிக்கும் சீன மேதை ஃபூ மான்சூவாக 1929இல் நடித்தார். 1931 முதல் அடக்கமும் அறிவும் நிறைந்த சீனத் துப்பறிவாளர் சார்லி சானாக 16 படங்களில் நடித்தார். மேற்கின் கற்பனையில் இருந்த மிகக் கெட்ட சீனரும் மிக நல்ல சீனரும் ஒரே ஸ்வீடன்காரர். எதிர்த்திசையிலும் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காக 1936இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற மெர்ல் ஓபரான், பம்பாயில் பிறந்தவர். தாய்வழியில் இலங்கைத் தொடர்பு உள்ளவர். தான் டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண் என்று சொல்லி, வாழ்நாள் முழுவதும் அந்தக் கதையை அவர் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஐரோப்பியர் ஆசியராக நடித்தால் விருது. ஆசியப் பெண் விருதுப் பட்டியலுக்கு வர ஐரோப்பியராக நடிக்க வேண்டும், அதுவும் திரைக்கு வெளியே, ஓய்வே இல்லாமல்.

(இங்கே ஒரு சிறு இடைச்செருகல். இந்த நாடகத்தில் நம் ஸ்டூடியோ ஒன்றுக்கும் பங்குண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து தயாரித்து 1952இல் வெளிவந்த 'தி ஜங்கிள்' படத்தில் இந்திய இளவரசியாக நடித்தவர் மேரி விண்ட்சர். கதையில் இந்தியக் காட்டுக்குள் மம்மத் என்னும், ரோமம் அடர்ந்த பழங்கால யானைகள் வேறு உலவுகின்றன. ரோமம் ஒட்டப்பட்ட யானைகள் என்ன நினைத்தனவோ.)

இந்தியா தன் பேரத்தை நடத்திய கதை இன்னும் சுவையானது. சுதந்திரத்துக்கு முன்பே, 1938இல் வந்த 'தி டிரம்' படத்துக்கு எதிராகப் பம்பாயிலும் சென்னையிலும் போராட்டங்கள் நடந்தன. மைசூர் யானைப்பாகனின் மகனாகிய சாபு அதில் வெள்ளையருக்கு விசுவாசமான இளவரசனாக நடித்திருந்தார். அடுத்த ஆண்டு வந்த 'கங்கா தீன்' பம்பாயிலும் வங்காளத்திலும் தடை செய்யப்பட்டது. காளியின் பெயரால் கழுத்தை நெரிக்கும் கூட்டம், அவர்களை ஒடுக்கும் மூன்று பிரிட்டிஷ் வீரர்கள், அவர்களுக்காக உயிரை விடும் தண்ணீர் சுமக்கும் இந்தியர். அந்த இந்தியராக நடித்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த சாம் ஜாஃபி. அந்தப் படத்தின் காளி பக்தர் கூட்டம் 45 ஆண்டுகள் கழித்து, பலமடங்கு செலவில், 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' படத்தில் மறுபிறவி எடுத்தது.

1984இல் வெளிவந்த அந்தப் படத்தை இந்தியாவிலேயே எடுக்கத்தான் முதலில் நினைத்தார்கள். திரைக்கதையைப் படித்த இந்திய அரசு மாற்றங்கள் கேட்டது. படக்குழு மாற்ற விரும்பாமல் கண்டிக்குப் போய்விட்டது. ஆகவே படத்தில் நாம் காணும் இந்தியக் கிராமம் இலங்கையின் மலைச்சரிவில் இருக்கிறது; அந்தக் கிராமத்தின் மூத்தவராக வருபவர் சிங்கள நடிகர் டி. ஆர். நாணயக்கார, 1935ஆம் ஆண்டின் வட இந்தியச் சிற்றூரில் வாழ்வதாகச் சொல்லப்படும் மக்கள் தங்களுக்குள் சிங்களம் பேசிக்கொள்கிறார்கள். அரண்மனை விருந்தில் பாம்புக் குட்டிகளும் வண்டுகளும் கண்விழி மிதக்கும் சூப்பும் குளிரூட்டிய குரங்கு மூளையும் பரிமாறப்படுகின்றன. அம்ரீஷ் பூரி ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் கையை விட்டு, துடிக்கும் இதயத்தை வெளியே எடுக்கிறார். இந்தியாவில் படத்துக்குச் சில காலம் தடை இருந்தது.

அந்த விருந்துக் காட்சி வெறும் நகைச்சுவை, மிகைப்படுத்தல், யாரும் அதை உண்மை என்று நம்புவதில்லை என்று ரசிகர்கள் வாதிடுவார்கள். நம்புகிறார்களா இல்லையா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்தியா மறுத்தது, மறுக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. ஆனால் மறுப்பின் பயனாகப் படத்தில் ஒரு வரிகூட மாறவில்லை, இடம் மட்டும் மாறியது. அனுமதி தர வேறொரு நாடு இருக்கும்போது அனுமதி மறுப்பு பலவீனமான ஆயுதம். அன்றைய இந்தியா ஹாலிவுட்டின் கணக்கில் பெரிய சந்தையும் அல்ல. 1918இல் பர்மாவைப் போலவே இலங்கை இங்கே வேறொருவருடைய பெயரைச் சுமந்தது, இந்த முறை சம்பளம் வாங்கிக்கொண்டு.

இலங்கைக்கு அது புதிதும் அல்ல. 1957இல் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்காகக் கித்துல்கலவில் களனி ஆறு சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) ஆறாக நடித்திருந்தது. அந்தப் படத்தின் ஜப்பானிய முகாம் அதிகாரி கர்னல் சாய்டோவாக நடித்தவர் வேறு யாருமல்ல, 'தி சீட்' படத்தின் அதே செசுவே ஹயகாவா. இடைப்பட்ட காலத்தில் அவர் சொந்தத் தயாரிப்பு நிறுவனமே நடத்தியிருந்தார். 1918இல் தொடங்கப்பட்ட ஹாவர்த் பிக்சர்ஸ் அவருடையது. வெள்ளைக்காரப் பெண்கள் உருகிய காதல் நாயகனாக இருந்த ஆசியர் ஒருவர், பிறகு ஹாலிவுட்டை விட்டு வெளியேறி, பல பத்தாண்டுகள் கழித்து முகாம் அதிகாரியாகத் திரும்பிவந்து ஆஸ்கர் பரிந்துரை பெறுகிறார். நாள் ஆக ஆக நிலைமை சீராகும் என்பவர்கள் இந்த ஒருவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் போதும்.

சயாம்–பர்மா ரயில் பாதை பற்றிய அந்தப் படத்தில் என்னை மிகவும் உறுத்துவது ஹயகாவாவின் வேடம் அல்ல. சாய்டோ கொடியவர்தான், ஆனால் மனிதர். தோல்வியின் அவமானத்தில் தனியறையில் அழுபவர். உறுத்துவது படத்தில் இல்லாதவர்கள். 1942–43இல் ஜப்பானிய ராணுவம் கட்டிய அந்தப் பாதையில் ஏறத்தாழ 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். 12,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே பாதையில் அவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆசியத் தொழிலாளர்கள் இழுத்துவரப்பட்டார்கள். பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. போர்க்கைதிகளுக்காவது சொந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள், இறந்தவர்களின் கணக்கை எழுதிவைத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அதுவும் இல்லை. மலேசியத் தமிழர்கள் 'சயாம் மரண ரயில்' என்று இன்றும் நினைவுகூரும் அந்த நிகழ்வு, ஏழு ஆஸ்கர் விருதுகள் பெற்ற அந்தப் படத்தின் வழியாகத்தான் உலகுக்கு அறிமுகமானது. அதில் ஆசியர்களாக வருபவர்கள் ஜப்பானியப் படையினரும், பாலத்தைத் தகர்க்க வரும் வெள்ளையர்களுக்கு மூட்டை சுமக்கும் சயாம் பெண்களும், அவர்களுக்கு வழி காட்டும் கிராமத்தாரும்தான்.

படம் வெளியானபோது எதிர்ப்புகள் வராமல் இல்லை. பாலத்தை எதிரிக்காக மனமுவந்து கட்டும் பிரிட்டிஷ் கர்னலின் பாத்திரம் உண்மையான அதிகாரிகளை அவமதிப்பதாக முன்னாள் போர்க்கைதிகள் வருந்தினார்கள். பாலம் கட்டத் தெரியாதவர்களாக ஜப்பானியப் பொறியாளர்களைக் காட்டியது உண்மைக்கு மாறானது என்ற விமர்சனமும் உண்டு. இருவர் குறையும் நியாயமானதே. ஆனால் குறை சொல்வதற்குக்கூடத் திரையில் முதலில் ஏதாவது இருக்க வேண்டும். இழிவாகக் காட்டப்பட்டவர்கள் 'இது நாங்கள் அல்ல' என்று மறுக்கலாம். காட்டப்படவே இல்லாதவர்கள் எந்தக் காட்சியைச் சுட்டி மறுப்பார்கள்? ஆசியர்களைக் கெட்டவர்களாகக் காட்டியதைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். அவர்கள் மண்ணில், அவர்கள் பிணங்களின் மேல் நடந்த கதையில் அவர்களை அடியோடு விட்டுவிட்டதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை.

நல்லவர்களாகக் காட்டுவதிலும் ஒரு விட்டுவிடல் இருக்கிறது. 1983இல் உதய்ப்பூரில் எடுக்கப்பட்ட ஜேம்ஸ் பாண்ட் படமான 'ஆக்டோபுஸி'யில் நம் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பாண்டின் உதவியாளராக வருகிறார். பாத்திரத்தின் பெயரும் விஜய்தான். ஆட்டோ ரிக்ஷா துரத்தலில் எதிரிகளை டென்னிஸ் மட்டையால் அடிக்கிறார். பாண்டின் வேலை முடிவதற்குள் செத்துப்போகிறார். இனிமையான, துணிச்சலான இளைஞர், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பாண்ட் வருவதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், யாருக்கு மகன், எதற்குச் சிரிப்பார், எதற்கு அழுவார் என்பதற்குப் படத்தில் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. ஒரு பாத்திரம் முழுமையானதா என்று பார்க்க நான் கையாளும் முறை எளியது: வெள்ளைக்கார நாயகன் அறையை விட்டு வெளியே போன பிறகு அந்த ஆசியருக்கு அங்கே செய்வதற்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலான 'நல்ல' ஆசியர்கள் அந்தக் கணத்தில் விளக்கு அணைந்ததுபோல் ஆகிவிடுகிறார்கள்.

அந்த அளவுகோலில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் மேற்கத்தியப் படம் ஹாலிவுட்டிலிருந்து வரவில்லை. 2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்ற 'தீபன்', ஜாக் ஓதியார் இயக்கிய பிரெஞ்சுப் படம். வசனங்களில் பெரும்பகுதி தமிழ். ஷோபாசக்தி என்று நாம் அறிந்த எழுத்தாளர் அந்தோணிதாசன் யேசுதாசன் நாயகன். சென்னையின் நாடக மேடையிலிருந்து வந்த காளீஸ்வரி சீனிவாசன் நாயகி. இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு, ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும் குடும்பமாக நடித்து பிரான்ஸ் வந்துசேர்கிறார்கள். ஓர் இடத்தில் தீபன், பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் வேடிக்கைப் பேச்சு தனக்குப் புரிகிறது, ஆனால் சிரிப்பு வருவதில்லை என்கிறான். உனக்குத் தமிழிலும் நகைச்சுவை உணர்வு கிடையாது என்கிற பொருளில், அவன் மனைவியாக வந்த யாழினி பதில் சொல்கிறாள். அந்த அறையில் வெள்ளைக்காரர் எவரும் இல்லை. யாருக்கும் எதையும் விளக்க வேண்டிய தேவை இல்லை. சமையலறையில் இரண்டு தமிழர்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். மேற்கத்தியப் படங்கள் ஆசியர்களுக்கு மிக அரிதாகத் தரும் பொருள் அந்த 'அவ்வளவுதான்'.

படம் முழுவதும் அந்த உயரத்தில் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இறுதிப் பகுதியில் போதைப்பொருள் கும்பலின் நடுவே தீபன் கத்தியோடு புகைக்குள் புகுந்து ஏறும்போது, அதுவரை வீட்டு வாடகையையும் அஞ்சல் பெட்டிகளையும் துடைப்பத்தையும் பற்றிக் கவலைப்பட்ட மனிதர் மறைந்து, 'முன்னாள் போராளி' என்ற சொல் எழுப்பும் பழைய எதிர்பார்ப்பு மேலே வந்துவிடுகிறது. திரைக்கதை எழுதிய மூவரும் பிரெஞ்சுக்காரர்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தை நடிகர்கள் தங்கள் உடம்பாலும் பேச்சாலும் தமிழாக்கினார்கள். முடிவை அவர்களால் அப்படி ஆக்க முடியவில்லை.

எழுதுபவர் ஆசியராக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? மாஹேயில் பிறந்த எம். நைட் ஷியாமளன் 2010இல் இயக்கிய 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' படத்தில், ஆசியப் பண்பாடுகளை வைத்துப் பின்னப்பட்ட உலகின் நாயகர்கள் வெள்ளைக்காரச் சிறுவர்களாகவும், அவர்களைத் துரத்தும் தரப்பினர் தேவ் படேல் உள்ளிட்ட இந்திய முகங்களாகவும் ஆனார்கள். வேடத் தேர்வைக் கண்டித்துப் படம் வெளிவருவதற்கு முன்பே ரசிகர்கள் இயக்கம் நடத்தினார்கள். தமிழ்த் தாய்க்கும் மலையாளத் தந்தைக்கும் பிறந்தவர் என்பது ஒருவரை அந்தப் பழக்கத்திலிருந்து தானாக விடுவித்துவிடாது.

2018இன் 'கிரேஸி ரிச் ஏசியன்ஸ்' இதில் இன்னும் சிக்கலான எடுத்துக்காட்டு. பெரும்பான்மை ஆசிய நடிகர்களைக் கொண்டு, தற்காலத்தில் நடக்கும் கதையைப் பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோ ஒன்று எடுப்பது 1993இன் 'தி ஜாய் லக் கிளப்'புக்குப் பிறகு அதுவே முதல் முறை என்று கொண்டாடினார்கள். கொண்டாட்டத்துக்குக் காரணம் இருந்தது. 'டெம்பிள் ஆஃப் டூம்' படத்தில் இண்டியானா ஜோன்ஸோடு கூடவே திரியும் சிறுவனாக வந்து, வளர்ந்த பின் வேடங்களே கிடைக்காமல் நடிப்பை விட்டு விலகிய கீ ஹுய் குவான், இந்தப் படத்தைப் பார்த்துத்தான் மீண்டும் நடிக்கத் துணிந்தார். 2023இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரையும் வென்றார். ஆனால் கதை நடக்கும் இடம் சிங்கப்பூர். தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் கொண்ட அந்த நாட்டில், பெருஞ்செல்வச் சீனக் குடும்பங்களின் மாளிகை வாசலில் காவல் நிற்பவர்களாகவே பழுப்பு நிறத்தவர்கள் பெரும்பாலும் கண்ணில் படுகிறார்கள். படத்தின் தலைப்பில் உள்ள 'ஏசியன்ஸ்' என்ற சொல்லுக்குள் மலாய்க்காரர்களும் தமிழர்களும் இல்லை என்று சிங்கப்பூரிலேயே பலர் எழுதினார்கள். பழுப்பு மனிதர்களை வாசலில் நிறுத்தும் பழைய வேலையை இந்த முறை வேறு ஆசியர்கள் செய்தார்கள்.

அதே படத்தின் திரைக்கதையை எழுதியவர்கள் இருவர்: பீட்டர் சியாரெல்லி, மலேசியாவில் பிறந்த அடெல் லிம். உலகெங்கும் 23 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படத்துக்குத் தொடர்ச்சி எழுதும் பேச்சு வந்தபோது, சியாரெல்லிக்கு எட்டு லட்சம் முதல் பத்து லட்சம் டாலர் வரையும், லிம்முக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டாலரை ஒட்டியும் தர முன்வந்ததாக 2019இல் செய்தி வெளியானது. அனுபவத்துக்கு ஏற்ற வழக்கமான அளவு இதுதான் என்பது ஸ்டூடியோவின் விளக்கம். தன் பங்கிலிருந்து பகிர்ந்துகொள்ள சியாரெல்லி முன்வந்தார். சக எழுத்தாளரின் பெருந்தன்மையால் தன் விலை தீர்மானிக்கப்படுவதை லிம் ஏற்கவில்லை, விலகிக்கொண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2023இல், அவர் இயக்குநராகத் தன் முதல் படத்தை வெளியிட்டார்.